இரண்டு நிமிடப் பெட்ரோல்

அப்பாவின் பத்மினி கார் இரண்டு நிமிடம் ஓடும், நின்றுவிடும். சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் முதல் தடவையே பிடித்துக்கொள்ளும். வீட்டு கேட்டைத் தாண்டி, பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதிக்குத் திரும்புவதற்குள் இருமத் தொடங்கும். பத்து நிமிடம் விட்டு அடித்தால் மறுபடி அதே கதை.

பார்த்தவர்கள் எல்லோரும் கரண்ட் கோளாறு என்றார்கள். பிளக் மாற்றினேன். கண்டன்சர் மாற்றினேன். மஞ்சவாடிக் கணவாய் தாண்டி சேலம் போய்க் காயிலும் வாங்கி வந்தேன். மும்பை குர்லாவில் பத்மினி தயாரிப்பு நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது; ஆனாலும் ஏதோ ஒரு பழைய கடையின் பரணில் சாமான் இருந்துவிடுகிறது. அதுதான் வினையே. கிடைக்கிறதே என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

கடைசியில் அப்பா காலத்து மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. வண்டி ஓடி நிற்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டார்.

"டக்குனு அணைஞ்சா கரண்ட்டு. இது இருமி இருமி அணையுது. பெட்ரோல் வரல தம்பி."

"அப்புறம் எப்படி மேஸ்திரி ஸ்டார்ட் ஆகுது?"

"ஏன் நிக்குதுன்னே கேட்டுட்டு இருக்கியே, ரெண்டு நிமிஷம் எதுல ஓடுச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லைதான். கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் ஃப்ளோட் சேம்பர் என்று ஒரு சின்னத் தொட்டி. அரை டம்ளர் பெட்ரோல்கூடப் பிடிக்காது. வண்டி ஓடியது அதில். அது வற்றியதும் நின்றது. அணைந்த வண்டியில் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்துக் காட்டினார். கார்ப்பரேட்டர் வாய்க்குள் மெல்லிசாக ஒரு பீச்சல் விழவேண்டும். சொட்டுகூட விழவில்லை.

பிறகு பெட்ரோல் பாட்டில் ஒன்றைத் தாழ்வாக வைத்து, பெட்ரோலை உறிஞ்சிக் கார்ப்பரேட்டருக்குத் தள்ளும் ஏ.சி. பம்ப்பின் வாயிலிருந்து அதற்குள் டியூப் விட்டார். வண்டி இருபது நிமிடம் அலுங்காமல் ஓடியது. ஆக, பம்ப்பும் கார்ப்பரேட்டரும் நிரபராதிகள். டேங்க்குக்குள் காற்று போகவில்லையோ என்று மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. டேங்க்கிலிருந்து வரும் இரும்புக் குழாயைச் சைக்கிள் பம்ப்பால் ஊதினோம், காற்று தாராளமாகப் போனது. மிச்சம் இருந்தது பம்ப்புக்கு வரும் ஒரு சாண் ரப்பர் ஓஸ்.

வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தார். உள்சுவர் ஊறி, ஜவ்வாகி, ஓரிடத்தில் தோல்போல உரிந்து நின்றது. விரலில் கறுப்பு ஒட்டியது. பம்ப் உறிஞ்சும்போது அந்தத் தோல் எழும்பி வழியை அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றதும் படிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகும் மர்மம் அதுதான்.

ரப்பர் ஏன் ஊறியது? மேஸ்திரி வீட்டுக்குள்ளிருந்து பழைய ஃபீடிங் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். 50 மில்லி தண்ணீர், மேலே 100 மில்லி பெட்ரோல். குலுக்கி வைத்தார். தெளிந்தபோது அடியிலிருந்த தண்ணீர்க் கோடு 70-ஐ நெருங்கி நின்றது. கூடியது தண்ணீர் அல்ல. பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்ட எத்தனால்.

2022-இல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனாலை எட்டினோம். 20 சதவீதத்துக்கு முதலில் வைத்த கெடு 2030. அதை முன்னால் இழுத்து 2025 ஆக்கினார்கள். அப்பா வண்டி வாங்கிய காலத்தில் பங்க்கில் இந்தக் கலப்பே கிடையாது. அன்றைய ரப்பருக்கு எத்தனாலைத் தாங்கத் தெரியாது. வருஷக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த என் பங்கும் இதில் உண்டு.

அந்த எத்தனால் வருவது மொலாசஸிலிருந்தும் கரும்புச் சாற்றிலிருந்தும், மக்காச்சோளம், அரிசியிலிருந்தும். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு போனது. மேஸ்திரி அதையும் பாட்டிலையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் போடுற ஓஸ் ஒரு சாண் வாங்கிட்டு வா. பம்ப் டயாஃப்ரமும் ஒண்ணு சொல்லி வை. அடுத்து அதுதான்."