ஊட்டி டூரில் பாட்டிக்குக் கிடைத்த ஊசி!

கோடை விடுமுறைக்கு மொத்தக் குடும்பமும் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியது. பேத்தி கையில் எம்பிராய்டரி பை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டி ஊசியைத் தொடுவதே இல்லை. 46 கி.மீ. தூரம், 208 வளைவுகள்... அந்தக் குலுக்கலில் தைக்க நினைத்தது பேத்தியின் தப்பு!

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர் குடியிருப்பான மந்து. அங்கே ஒரு பெண் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தார். பென்சில் கோடே கிடையாது. துணியின் இழைகளை எண்ணித்தான் டிசைன் போடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை இது.

“கண்ணு சரியா தெரியலேன்னா எப்படிம்மா எண்ணுவே?” என்றார் பாட்டி.

“தொட்டுப் பாருங்கம்மா.”

விரலுக்குக் கீழே நூல் மேடுமேடாக நின்றது. பாட்டி கையை எடுக்கவே இல்லை.

அன்று மாலை லாட்ஜ் ஜன்னலோரம், பேத்தியின் எம்பிராய்டரி வளையம் பாட்டி மடியில் இருந்தது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது மட்டும் பேத்தி.