புறாவும் அதன் வீடும்

மனிதனோடு ஒட்டி வாழத் தலைப்பட்ட பறவைகளுள் புறா மிகத் தொன்மையானது. அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையையே அரிந்து கொடுத்த சிபியைச் சோழர் தம் முன்னோராகப் போற்றினர். அக்பர் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட புறாக்களை வளர்த்தார் என அபுல் பசல் எழுதி வைத்துள்ளார். ஒரிசாக் காவல் துறை 1946-இல் புறாத் தபாலைத் தொடங்கியது. 1948-இல் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு அனுப்பிய செய்தியைச் சுமந்து சென்றதும் ஒரு புறாவே.

பெருமை இருக்கட்டும்; மாதச் சம்பளக்காரர் வீட்டு மாடிக்கு இது ஏற்ற பொழுதுபோக்குத்தானா என அன்பர்கள் வினவலாம். ஒலவக்கோட்டில் ரயில்வே குமாஸ்தா வருமானத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே புறா வளர்த்துவரும் நாங்கள், ஏற்றதே என்று துணிந்து கூறுவோம். மழைச் சாரல் புகாத மரக்கூடு, பூனை நுழையாத கம்பிவலை, சோளம், கம்பு, பட்டாணி, நல்ல தண்ணீர் ஆகியவை போதும். எச்சத்தின் தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலால், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு நாள்தோறும் கூட்டைத் துப்புரவு செய்தல் வேண்டும்.

புறாவில் வகைகள் பல. வானில் குட்டிக்கரணம் போடுவது கர்ணப்புறா; வாலை விசிறிபோல் விரிப்பது விசிறிவால்; தொலைவிலிருந்து வீடு திரும்புவது ஹோமர். இவை யாவும் மாடப்புறா என்னும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களே என்பதை டார்வின் தாமே புறா வளர்த்து ஆராய்ந்து, 1859-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

பெட்டை இரண்டு முட்டைகள் இடும். பகலின் பெரும்பொழுது ஆணும், மற்ற நேரம் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும். பதினெட்டு நாள் அளவில் குஞ்சு பொரிக்கும். தொடக்க நாட்களில் குஞ்சுக்கு நாம் இடும் தானியம் உதவாது. தாயும் தந்தையும் தம் இரைப்பையில் சுரக்கும் ஒருவகைப் பாலையே ஊட்டி வளர்க்கின்றன.

புறா வளர்ப்போர் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு. வளர்ந்த ஹோமரை விலைக்கு வாங்கியவர் அதைத் திறந்துவிடலாகாது. கோயம்புத்தூரில் வாங்கிய சோடி ஒன்று எங்களிடம் இருக்கிறது. திறந்தால், கணவாய் வழியே ஒரு மணி நேரத்துக்குள் பழைய வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே அவை கூட்டிலேயே காலம் கழிக்கின்றன. அவற்றின் குஞ்சுகளோ, மாடிக் கம்பிக்கூண்டிலிருந்து சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பழகி, பின்னர் எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஒலவக்கோட்டுக்கே திரும்புகின்றன. அவற்றுக்கு இதுவே ஊர்.

இதைக் காணுந்தோறும் நம் குடும்பங்களின் நினைவு வருகிறது. பிழைப்பு நாடிப் பாலக்காட்டுக்கு வந்தோரும், மூணாறு, தேவிகுளம், பீருமேட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்போரும், 'பிள்ளைகள் நம் ஊரை மறந்துவிட்டார்களே' என வருந்துகிறோம். பொங்கலுக்கு ஊர் போனால் இரண்டாம் நாளே அவர்கள் 'வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். 'வீடு' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வது முறையன்று. கண் திறந்த இடத்தை வீடென்று கொள்வது உயிரின் இயல்பு. நம் ஏக்கம் நமக்குரியது. அதைப் பிள்ளைகளின் தலையில் சுமத்தலாகாது.

ஆயினும் அந்தப் பாலை ஊட்டும் கடமை நம்முடையது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் நன்றாகவே கற்கட்டும். அவை வேண்டிய தானியங்கள். தமிழை மட்டும் வீட்டில் தாயும் தந்தையுமே ஊட்ட வேண்டும். வேலை முடிந்து களைப்போடு வந்தாலும், இரவு உணவுக்குப்பின் கால் மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித் தமிழ் படிக்கச் செய்வோம். நம் சங்கத்து அன்பர்கள் இம்மாதமே இதைத் தொடங்குவார்களாக.