தட்டில் அடங்காத நாயனம்

எங்கள் புதூர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு கல்யாணம் எப்படி நடந்தது என்று விசாரிப்பவர்கள், விருந்தைப் பற்றிக் கேட்குமுன் “யார் நாயனம்?” என்றுதான் கேட்பார்களாம். காருகுறிச்சி அருணாசலம் என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. போகாதவர் வருத்தப்பட வேண்டியதுதான். கரிசல் காட்டில் மழை ஏமாற்றும், பருத்தி ஏமாற்றும். கோவில்பட்டியிலேயே குடியிருந்த அந்த மனிதருடைய வாசிப்பு ஏமாற்றியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அவரை நேரில் கேட்டவன் அல்ல. நாற்பதைக் கடந்த சில வருஷங்களிலேயே, 1964இல், அவர் காலமாகிவிட்டார். என் பங்குக்கு வந்ததெல்லாம் இசைத்தட்டுத்தான். அதிலும் முதலில் கிடைத்தது, சங்கீத ரசிகர்கள் முகம் சுளிப்பார்களே, அந்தச் சினிமாப் பாட்டு! 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் சரிக்குச் சரி நிற்கும் ஆபேரி ராகப் பாட்டு. இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. திரையில் வாத்தியத்தைப் பிடித்திருப்பவர் ஜெமினி கணேசன். மூச்சு என்னவோ காருகுறிச்சியாருடையது. குரல் ஒரு பிடியை வீச, நாயனம் அதை வாங்கி, கொஞ்சம் செல்லம் கொடுத்துத் திருப்பி அனுப்பும். எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

இதை எங்கள் பெரியப்பாவிடம் சொன்னால் போதும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். “ஏலே, நீ கேட்டது ஊறுகாய். சோறு எங்கே?” என்பார்.

அவர் கட்சியிலும் நியாயம் இருந்தது. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். பிறகு வந்த பெரிய தட்டில் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. காருகுறிச்சியாரின் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் போகும். அந்தத் தோடியையும் தட்டில் அடைத்துத்தான் விற்றார்கள். நாயனமோ வெட்டவெளிக்குப் பிறந்த வாத்தியம். கோபுர வாசலில் ஊதினால் தெருக்கோடிக்குக் கேட்க வேண்டும். அதை நாலு சுவருக்குள் ஒலிவாங்கியின் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? தவிலின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள வித்தியாசமே பாதி போய்விடுகிறது. வித்வான் நடுவில் சீவாளியைக் கழற்றி, உதட்டில் வைத்துப் பார்த்து, பிடிக்காமல் வேறொன்றைச் செருகுவாரே, அந்த நேரத்துக் கூட்டத்தின் மௌனத்தை எந்தத் தட்டுப் பதிவு செய்தது?

போதாக்குறைக்கு, படம் வந்த பிறகு விடிய விடிய ராகம் கேட்ட ஜனங்களே அந்த ஒரு பாட்டைக் கேட்டு நச்சரித்தார்கள் என்று பெரியப்பா குறைப்படுவார். அப்படிக் கேட்கத் தூண்டிய தட்டின் மேல் எனக்கும் சில சமயம் கோபம் வரும். ஆனால் அது இல்லாவிட்டால் நான் யாரைக் கேட்டிருப்பேன்? விளாத்திகுளம் சுவாமிகள் பாடிய கரகரப்பிரியாவைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். புதூருக்கு விளாத்திகுளம் எத்தனை தூரம்! இருந்தும் அவர் தட்டு ஒன்று யார் வீட்டிலும் இருந்ததில்லை. பேச்சுத்தான் மிச்சம். பேச்சைக் கேட்டு ராகத்தை அறிய முடியுமா?

ஒரு நாள் பெரியப்பாவை வலுக்கட்டாயமாக உட்காரவைத்து, காருகுறிச்சியாரின் ஆலாபனைத் தட்டு ஒன்றைப் போட்டேன். அசையாமல் கேட்டார். முள் கடைசி வளையத்துக்கு வந்து கரகரத்தது. “இதோட நிறுத்த மாட்டாரே மனுஷன்!” என்றார். பிறகு, பல் போன வாயால் தாமே தொடர ஆரம்பித்தார். சுருதி சேரவில்லை, மேல் ஸ்தாயிக்குக் குரல் எட்டவில்லை. ஆனாலும் எங்கே நிற்க வேண்டும், எங்கிருந்து திரும்ப வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. அரைமணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். பெரியம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

பெரியப்பா போய்ப் பல வருஷமாகிறது. அதே வாசிப்பு இப்போது என் கைப்பேசியிலேயே இருக்கிறது, இரைச்சலைக்கூட வடிகட்டியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே வருவேன். அது நிற்கும் இடம் வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.