பத்து மணி நேரம், ஒன்பது வருஷம்

2023 செப்டம்பரில் எங்கள் மாடி வீட்டுக்காரர்களின் ஏழு வயதுப் பெண்ணுக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தட்டணுக்கள் இறங்கி, மெல்ல ஏறி, அவள் வீடு திரும்பிய அன்று சாயங்காலம் தெருவில் நாலு பேர் கூடி நின்றோம். பேச்சு தொடங்கியதும் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. தெருமுனையில் நின்றிருந்த மஞ்சள் வேன்.

அது ஒரு பள்ளிக்கூட வேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது அங்கே வந்து நின்றது, பிறகு நகரவில்லை. நாலு சக்கரமும் காற்றிறங்கி தார்ச்சாலையில் பதிந்துவிட்டன. வைப்பருக்குக் கீழே மண் சேர்ந்து ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் இளநீர்க் கூட்டை அதன் அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ‘பள்ளிக் குழந்தைகள் வாகனம்’ என்று எழுதி, ஓட்டுநரின் செல் நம்பரும் போட்டிருந்தது.

“இதுலேருந்துதான் சார் கொசு வருது. கார்ப்பரேஷன்ல சொன்னாத்தான் வேலை நடக்கும்” என்றார் எதிர் வீட்டுக்காரர். அன்றிரவே 1913-க்கு அழைத்தேன். தெரு, வேனின் பதிவெண், எத்தனை காலமாக நிற்கிறது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். புகார் எண் வந்ததும் ஏதோ பெரிய பொதுக்காரியம் செய்துவிட்ட திருப்தியில் தூங்கினேன்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்தார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர், கொசு ஒழிப்புப் பணியாளர்களான இரண்டு பெண்கள், கூடவே ஒரு போக்குவரத்துக் காவலர். பெண்களில் மூத்தவர் டார்ச் அடித்து வேனின் உள்ளே, அடியில், இளநீர்க் கூடுகளில் எல்லாம் பார்த்தார். கூடுகளைக் கவிழ்த்துப் போட்டார். “காஞ்சு கிடக்குது சார், இதுல ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு தெருவை ஒருமுறை நோட்டம் விட்டவர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

வாசலை ஒட்டி, சாம்பல் நிறக் கவர் போர்த்தி ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. கவர் வெயிலில் நைந்து, கூரைமேல் தொய்ந்து குழி விழுந்திருந்தது. முந்தைய வாரத்து மழைத்தண்ணீர் அதில் தேங்கியிருந்தது. அந்த அம்மா கரண்டியால் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். சின்னச் சின்ன நூல் துண்டுகள் போல நெளிந்துகொண்டிருந்தன.

“இது யாரோட வண்டி?”

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு மூன்று நொடியும் நான் யோசித்தது, சொல்லாமலே இருந்துவிட முடியுமா என்பதைத்தான். மாடிப்படியில் அந்தப் பெண்ணின் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களோடதுதான்” என்றேன்.

அப்பாவின் பிரீமியர் பத்மினி அது. 1988-ல் வாங்கினார். ஸ்டீயரிங்கை ஒட்டிக் கியர், முன்னால் ஒரே நீளமான சீட். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் மகாபலிபுரம் போனேன். 2014-ல் அப்பா போனார். காரியம் முடிந்ததும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வாங்கி வங்கிக் கணக்கு, வீட்டு வரி, மின் இணைப்பு, கேஸ் என்று வரிசையாகப் பேர் மாற்றினோம். காரை மட்டும் மாற்றவில்லை. பதிவு வைத்திருப்பவர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. ஓட்டினால்தானே மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு கவர் வாங்கிப் போர்த்தினேன். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் செய்து பார்ப்பேன். பேட்டரி இறங்கியபின் அதுவும் நின்றது.

காவலர் வேனில் ஒரு ஸ்டிக்கரும் எங்கள் காரில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார். இரண்டும் ஒரே மாதிரிதான். குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும். “சார், இது எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது” என்றேன். “வாசல் உங்களுது சார், ரோடு உங்களுது இல்லியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல தெருக்களில் பலரிடம் சொல்லிப் பழகிய குரல்.

அன்று ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 127-ஆம் பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தச் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி உத்தரவிடலாம். சட்டத்துக்குப் பத்து மணி நேரம் போதும். எங்களுக்கு ஒன்பது வருஷம் போதவில்லை. அப்பா கார் வாங்கிய அதே வருஷத்துச் சட்டம்!

கைவிடப்பட்ட வண்டி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் யாரும் ஒரு நாள் காலையில் எழுந்து வண்டியைக் கைவிடுவதில்லை. நிறுத்துகிறோம், அவ்வளவுதான். பதினைந்து வருஷப் பதிவு முடிந்து, புதுப்பிக்கும் செலவு வண்டியின் விலையைவிடக் கூடிவிடுகிறது. மூன்று கை மாறியும் ஆர்.சி. புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கிறது. கடன் பாக்கி இருக்கிறது. காயலான் கடையில் எடைக்குப் போட்டால் கையில் காசு வந்துவிடும், ஆனால் பதிவை ரத்து செய்யாமல் கொடுத்தால் அந்த எண் எங்கே, எந்த வண்டியில் ஏறும் என்று தெரியாது. நாளை ஒரு வழக்கு என்றால் செத்தவர் பெயரைக் கேட்டு வாசலுக்குப் போலீஸ் வரும். ஒவ்வொன்றும் ஒரு வேலை. ஒவ்வொன்றையும் நாளைக்குத் தள்ளலாம். தள்ளிப்போட்ட அத்தனை வேலைகளும் சேர்ந்து ஒரு வண்டியாகத் தெருவில் நிற்கின்றன.

தனி மனிதர்கள் மட்டுமல்ல, அரசாங்கமும் இப்படித்தான். ஏதாவது ஒரு காவல் நிலையத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், வழக்கில் பிடிபட்ட வண்டிகள் கொடி படர்ந்து கிடக்கும். அப்படி நெடுநாள் போட்டு வைப்பதில் பயன் இல்லை, உரிய உத்தரவாதம் வாங்கிக்கொண்டு விடுவிக்க வேண்டும் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடிகள் இன்னும் படர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

டெங்குக் கொசுவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. ஒரு மூடியளவு நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழையில் பொரிந்து ஏழு முதல் பத்து நாளில் பறக்கும். மாடி வீட்டுக் குழந்தையைக் கடித்த கொசு எங்கள் கார் கவரில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சமாதானத்தை நான் எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன். குழந்தையின் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வேன்காரர் இரண்டு நாள் கழித்து வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்த யாரோ வண்டியில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும். இப்போது வேறொருவரின் ஆட்டோவை வாடகைக்கு ஓட்டுகிறாராம். “நான் உட்டுட்டுப் போவல சார். ஸ்கூல் மூடிட்டாங்க, டியூ கட்ட முடியல. நாளைக்கு எடுத்துரலாம், நாளைக்கு எடுத்துரலாம்னு இருந்துட்டேன். யாரு கம்ப்ளெயின்ட் பண்ணாங்கன்னு தெரியல. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து எடுத்திருப்பேன்ல?”

மூன்றரை வருஷம் அந்த நம்பரைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாளும் அழைக்கத் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது 1913 மட்டும்தான்.

“நான்தாங்க பண்ணேன்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு எங்கள் காரைப் பார்த்தார். அதில் இருந்த ஸ்டிக்கரையும் பார்த்தார். “உங்க வண்டியுமா சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மாவிடம் சொல்ல எனக்குத் தயக்கம். ஒன்பது வருஷமும் காரை எடுக்காததற்கு எனக்குள் நான் சொல்லிக்கொண்ட காரணம் அம்மா மனசு கஷ்டப்படும் என்பதுதான். ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இரும்பு இப்ப கிலோ என்ன விலைடா போகுது?” என்றாள். நான் பேசாமல் நின்றேன். “மாடிப் பொண்ணு உடம்பு தேறினதும் குடுத்துடுன்னு நானே சொல்லணும்னு இருந்தேன். உனக்குத்தான் அதைப் பார்க்காம இருக்க முடியாதேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்.”

மறுநாளிலிருந்து அலைந்தேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். 2021-ல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற ஸ்கிராப் நிலையங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு சான்றிதழ் தருகின்றன. அதை வைத்துப் பதிவை ரத்து செய்யலாம். ஒன்பது வருஷம் தள்ளிப்போட்ட காரியம் மூன்று வாரத்தில் முடிந்தது. இழுவை வண்டி வந்தபோது அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே குக்கர் வைத்திருந்தாள். ஐந்தாறு விசிலுக்கு அப்புறமும் அதை நிறுத்தவில்லை.

வேன்காரரும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து தன் வேனை எடுத்துப் போனார். போவதற்கு முன் வைப்பருக்கு அடியில் இருந்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, கோயில் பக்கம் எங்காவது நட்டுவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். குளக்கரை ஓரமாக வைத்தேன், பிடித்துக்கொண்டது.

கார் நின்ற இடத்தில் தார் மட்டும் கறுப்பாக, புதிதாக, ஒரு செவ்வகமாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் அங்கே யாரோ ஒரு பைக்கை நிறுத்தினார்கள். ஒரு வாரம் அது நகரவில்லை. பைக்கில் நம்பர் எதுவும் எழுதியிருக்கவில்லை. எதிர் வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தேன். நான்காவது வீட்டில், ஊருக்குப் போயிருக்கும் பையனுடையது என்றார்கள்.