மாட்டுத்தீவனக் கடையும் வீட்டு அடுப்பும்



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளின் ஊதியம் எவ்வளவு என்பதை ஜமாஅத்தார் அனைவரும் அறிவர். அதற்குள் குடும்பம் நடத்துபவர் எங்கே எப்பொருள் மலிவு என்று கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். சிக்கனம் இழிவன்று. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம், கஞ்சத்தனத்தையும் கண்டிக்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே நடப்பதுதான் இல்லறத்தார்க்கு உரிய வழி.

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் நான், இரண்டு ஆடுகளும் சில கோழிகளும் வளர்த்து வருகிறேன். ஆகவே மாதம் ஒருமுறை மாட்டுத்தீவனக் கடைக்குச் செல்வது வழக்கம். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், குருணை, கல்லுப்பு எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கும். கம்பும் கேழ்வரகும் இருவகையாக இருக்கும். கடைக்காரர் நேர்மையானவர். “இது மாட்டுக்கு பாய், அது வீட்டுக்கு” என்று கேட்பதற்கு முன்பே பிரித்துச் சொல்லிவிடுவார். வீட்டுக்கென அவர் காட்டும் கம்பை மூட்டையாக வாங்கி, அண்டை வீட்டார் மூவருடன் பகிர்ந்துகொள்கிறோம். சில்லறை விலையைவிட அது குறைவாகவே முடிகிறது. பகிரும்போது தராசைச் சரிபார்த்தே நிறுக்கிறோம். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் இருக்கும்போது, அண்டை வீட்டார்தானே என்று அலட்சியமாக இருக்க இயலுமா?

மூட்டையாக வாங்கி வைப்பது பதுக்கல் ஆகாதா என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. வரப்போகும் பஞ்சத்திற்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்குமாறு யூசுஃப் (அலை) அவர்கள் கூறிய வரலாற்றையும் நாம் ஓதுகிறோம். விலை ஏறட்டும் என்று மக்களின் உணவை முடக்கி வைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். தன் பிள்ளைகளுக்காக ஒரு மூட்டை கம்பு வைத்திருப்பவர் எவருடைய பங்கையும் பறிப்பதில்லை. நம் முன்னோர் குலுக்கைகளில் தானியம் சேமித்ததும், வெயிலில் காயவைத்து வேப்பிலை இட்டுப் பூச்சியைத் தடுத்ததும் இத்தகைய சேமிப்பே.

ஆயினும் அக்கடையில் உள்ள அனைத்தும் மனிதர்க்கு உரியவை அல்ல. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்ததே காரணம். அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு அதன் வழியாகத்தான் கண்டறியப்பட்டது. ஈரம்பட்ட மக்காச்சோளத்திலும் கடலையிலும் அது உண்டாகிறது, ஈரலைக் கெடுக்கிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் முழுமையாக நீங்குவதில்லை. செந்நிற மருந்து பூசிய விதைத் தானியம் எங்கே தென்பட்டாலும் அதைச் சமையலுக்கு எடுக்கலாகாது. தீவனக் கடைக் கல்லுப்பில் அயோடின் சேர்ந்திருப்பதில்லை. குர்பானித் தோல்களுக்கு இடுவதற்கு அது ஏற்றது. அன்றாட உணவுக்கு அன்று.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடந்த ரமளானுக்கு முன்பு, நோன்புக் கஞ்சிக்கான செலவைக் குறைப்பது குறித்து எங்கள் மஹல்லாவில் ஆலோசனை நடந்தது. தீவனக் கடைக் குருணையை வாங்கினால் பாதிச் செலவு மிஞ்சும் என்றார் ஒரு சகோதரர். அவருடைய எண்ணத்தில் தீங்கு இல்லை. மிஞ்சும் பணத்தை விதவைகளுக்குக் கொடுக்கலாம் என்றே அவர் கருதினார். “கஞ்சியில் வெந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதானே, ஹஸ்ரத்?” என்று கேட்டார்.

ஒன்றல்ல என்றேன். அரிசி ஆலையில் சார்டெக்ஸ் இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கறுத்த அரிசியும், கல்லும் தூசியும் கலந்த குருணையும் தீவனத்திற்குப் போகின்றன. தாம் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடவேண்டாம் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தரும் அறிவுரை. ஃபித்ராவாக ஒரு ஸாவு தானியம் கொடுக்கும்போதும் ஊரார் உண்ணும் உணவையே கொடுக்கிறோம். அவ்வாறிருக்க, பகலெல்லாம் பசித்திருந்தவர் நோன்பு திறக்கும் கிண்ணத்தில் மட்டும் கால்நடைக்கு ஒதுக்கியதை எப்படி ஊற்றுவது? அக்கஞ்சியை நம்பியே நோன்பு திறக்கும் எளியோர் அங்கே வந்து அமர்கிறார்கள். எத்தகைய அரிசி என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. கேட்க இயலாதவர்க்குக் கொடுப்பவரே அவர்களுக்காகவும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

பிறகு அந்தச் சகோதரரும் நானும் நேரே அரிசி ஆலைக்குச் சென்றோம். சலித்துச் சுத்தம் செய்த, மனிதர் உண்பதற்கான நொய்யரிசி அங்கேயே மூட்டைக் கணக்கில் கிடைத்தது. சில்லறை விலையைவிட நன்றாகவே குறைந்தது. அடுத்த வாரமே அதை எடுத்து வந்தோம். விதவைகளுக்கும் ஒரு தொகை மிஞ்சியது. கடைக்குச் செல்லும் வண்டிச் செலவு, பொட்டலம் கட்டும் செலவு, பெயர் அச்சிட்ட பையின் விலை ஆகியவற்றைத் தவிர்த்ததால் வந்த மிச்சம் அது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பெயரிட்ட தானியப் பைகளுக்கு 5 விழுக்காடு வரி வந்தபின் 26 கிலோ அரிசி மூட்டைகள் கடைகளில் தோன்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொத்தமாக வாங்குவதிலேயே மலிவு இருக்கிறது. தரத்தைத் தாழ்த்தித்தான் அதைப் பெறவேண்டும் என்பதில்லை.

ஆகவே சகோதரர்களே, தீவனக் கடைக்குச் செல்லக் கூச்சப்பட வேண்டாம். எது மாட்டுக்கு, எது வீட்டுக்கு என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். முகர்ந்து பாருங்கள், பூஞ்சண வாடை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிச் சரியாக நிறுத்துப் பங்கிடுங்கள். நம் பிள்ளைகளின் தட்டில் எதை இடத் துணியமாட்டோமோ, அதைப் பிறர் பிள்ளைகளின் தட்டிலும் இடாதிருப்போம்.

அல்லாஹ் நம் உணவிலும் வருமானத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.