பீரோவுக்குள் போன பந்து

உங்கள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டா? இருந்தால், நான் செய்த தவற்றைக் கேளுங்கள். நீங்களும் செய்துவிட வேண்டாம்.

கோச்சடையில் இருக்கிறது என் அக்காள் வீடு. அவள் மகனுக்கு இவ்வருஷம் பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சை. மாலையானால் போதும், வைகைக் கரைப் பக்கம் பந்தும் கையுமாக ஓடிவிடுவான். "நீ சொன்னாத்தான் கேப்பான், தம்பி" என்றாள் அக்காள். படித்த தாய்மாமன் ஆயிற்றே! பந்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு, பெருமிதத்துடன் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது, பையன் விளக்கடியிலேயே கிடந்தான். முதல் நாள் படித்த பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். திருதிருவென்று விழித்தான்.

"படிக்கத்தான் செய்றேன், மாமா. மனசுல நிக்க மாட்டேங்குது" என்றான். குரல் கம்மியது.

எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே விஞ்ஞானக் கட்டுரைகளைப் புரட்டினேன்.

நினைவைப் பதிய வைக்கும் மூளைப் பகுதிக்கு 'ஹிப்போகாம்பஸ்' என்று பெயர். பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், தினம் 2 மணி வீதம் 10 நாள் எலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் குறுகின; அச்சத்துக்குரிய 'அமிக்டலா'விலோ அவை பெருகின! 2002-இல் வெளியான முடிவு இது.

அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்த ஆராய்ச்சி 2011-இல் வெளிவந்தது. பாதிப் பேர் வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வரை நடந்தார்கள். ஓராண்டில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பருத்தது. கைகால்களை நீட்டி மடக்கியதோடு நின்றவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது.

'எலியும் கிழவரும் என் பிள்ளையும் ஒன்றா?' என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் பயத்தை வளர்த்து, ஓட்டத்தை நிறுத்தினால் படிப்பு ஏறும் என்று நான் நம்பினேனே, அதற்கு ஆதாரம் ஏது?

மறுநாளே போய்ப் பீரோவைத் திறக்கச் சொன்னேன். பந்தில் காற்று இறங்கியிருந்தது.

"தினம் ஒரு மணி ஆடிட்டு வந்து படிடா" என்றேன்.

நம்ப முடியாமல் பார்த்தவன், "நீங்களும் வாங்க மாமா" என்றான். போனேன். பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அவன் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்து ஒரு மாதமாயிற்றாம்.

பரீட்சை இன்னும் வரவில்லை. மார்க்கு எப்படியோ, சாவி இப்போது அவன் கையில் இருக்கிறது.