மடுவில் உலை வைத்தவர்கள்

திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்குப் போனேன். ஆகஸ்ட் 15இல் லட்சக்கணக்கானோர் கூடாரமடித்துத் தங்கும் வளவு, வெறும் மணலும் பாலை மரங்களும் குரங்குகளுமாகக் கிடந்தது. கோயிலுக்கு அருகே ஒரு குடும்பம் குனிந்து மண்ணை அள்ளித் தாளில் மடித்துக்கொண்டிருந்தது. மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. நான் பார்க்கப் போனதோ, 1990இல் போர் மறுபடி மூண்டபின் வீடிழந்து வந்த பல்லாயிரம் பேர் குடியிருந்த அந்த மரநிழலை.

மடுவே அடைக்கலம் தேடி ஓடி வந்தவர்களால் உண்டான ஊர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்கள் அதை இங்கே வைத்தார்கள். அதனால்தானோ என்னவோ, 1990இல் யாரும் அழைக்காமலே சனம் இங்கே வந்தது. ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. விரும்பியபோது வரலாம், நிலைமை சரியானால் போகலாம், கட்டாயம் இல்லை. கடல் கடந்து இந்தியாவுக்குப் போகாமல் சொந்த மண்ணிலேயே ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அந்தக் காலத்தை இங்கே கழித்த ஓர் அம்மா, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். “முதல்ல பெரிய கிடாரத்தில சமைச்ச சோறுதான், பிள்ளை. தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில நிண்டம். பிறகு அரிசி, மா, பருப்பு, சீனி எண்டு கையில தந்தவை. கொட்டிலுக்கு முன்னால மூண்டு கல்லு வைச்சு என்ர கையால சமைச்ச அண்டைக்குத்தான் அழுகை நிண்டது.”

சமைத்த சாப்பாடு, பிறகு உலர் உணவு என்பது இலங்கை நிவாரணத்தில் வழக்கமான ஒழுங்கு. பசியோடு வந்தவருக்கு முதல் வாரம் கிடாரம்தான் உயிர். ஆனால் அதையே மாதக்கணக்கில் நீட்டினால், பிள்ளைக்கு என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமைகூடத் தாயிடமிருந்து போய்விடும். இல்லாதவருக்குச் சோறு போடுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த அம்மாவின் மூன்று கல்லை நினைக்க வேண்டும்.

கொட்டிலின் கிடுகுக் கூரை வெயிலைத் தடுக்கும், மழையை ஓரளவு தடுக்கும்; எறிகணையைத் தடுக்காது. 1999 நவம்பர் 20இல் மடுக் கோயில் வளவில் எறிகணை விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். அரச படைகளும் புலிகளும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருக்கள் சுரூபத்தையே எடுத்துக்கொண்டு கடற்கரையோரத் தேவன்பிட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. அடைக்கலம் தந்த மாதாவும் இடம்பெயர்ந்தாள்.

பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் பேசாலைக்குப் போனேன். வெற்றி மாதா கோயிலுக்குள் காற்றோடு கருவாட்டு வாசம் வருகிறது. 2006 ஜூன் 17 காலை, கடலில் சண்டை என்று கேட்டு ஊர் முழுவதும் ஓடி வந்து ஒதுங்கியது இதற்குள்தான். உள்ளே விழுந்த கைக்குண்டில் ஒரு மூதாட்டி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். வீசியது கடற்படை என்று ஊரார் சொன்னார்கள், கடற்படை மறுத்தது. அந்தக் கோயிலுக்குள் நெடுநேரம் நிற்க என்னால் முடியவில்லை.

திரும்பும் வழியில், அதே தீவிலுள்ள முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டி. 1990 அக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். மடு திறந்திருந்த அதே ஆண்டில் இவர்களுக்கு இந்த மாவட்டத்தில் ஒண்ட இடமில்லை. இதைச் சொல்லாமல் மன்னாரின் அடைக்கலத்தைப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. கரையில் இறங்கியவர்களுக்குப் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டு, சோறு சமைத்துப் போட்டவர்கள் புத்தளம் பக்கத்துச் சாதாரண மக்கள். அவர்களிலும் பலர் ஏழைகள். சில நாளுக்கென்று வந்தவர்கள் இருபது ஆண்டுகள் தென்னோலைக் குடிசைகளில் இருந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு தெற்கே முசலிக் கரைக்குத் திரும்பியவர்களின் காணிகளில் காடு மண்டிக் கிடந்தது; அதை வெட்டி, அங்கேயும் முதலில் கொட்டில்தான் போட்டார்கள்.